புதிய றக்பி பருவமும் பழைய கடன்களும்

இங்கிலாந்தின் தொழில்முறை றக்பி கழகங்கள் வழமையாக செப்டெம்பர் மாதத்தில் புதிய பருவத்தைத் தொடங்குகின்றன. அதற்கு முந்திய வாரங்களில், கிண்ணம் பாத் நகருக்கா, லெஸ்டருக்கா, நோர்தாம்ப்டனுக்கா, சேரசன்ஸுக்கா என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் ஆரூடம் கூறுவது நெடுநாளைய வழக்கம். ஆயினும் 2022 ஆம் ஆண்டுக்குப் பின்னர் இந்த ஆரூடங்களுக்கு முன்பாக வேறொரு வினா வந்து நிற்கின்றது. களமிறங்கும் கழகங்கள் அனைத்தும் பருவம் முடியும் வரை உயிர்வாழுமா என்பதே அது. 13 கழகங்களுடன் ஆரம்பித்த 2022-23 பருவம் 11 கழகங்களுடனேயே முடிவடைந்தது. அடுத்த பருவம் தொடங்குவதற்கு முன்னரே இன்னுமொரு கழகம் மறைந்து, எண்ணிக்கை 10 ஆகக் குறைந்தது.

றக்பி எமது வாசகர்களுக்கு அந்நியமான விளையாட்டல்ல. பிரித்தானியத் தோட்டத்துரைமாரோடு இத்தீவுக்கு வந்த அந்த ஆட்டம், நித்தவளை மைதானத்திலும் கொழும்பின் கழகங்களிலும் வேரூன்றியது. ரோயல் கல்லூரிக்கும் கண்டி திரித்துவக் கல்லூரிக்கும் இடையில் 1945 ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் பிரட்பி கேடயப் போட்டியைக் காண்பதற்கு எல்லாச் சமூகத்தவரும் திரள்கின்றனர். ஆனால் ஆட்டத்தை அறிந்த அளவுக்கு அதன் பின்னாலுள்ள வியாபாரத்தை நாம் அறிந்திருப்பதில்லை. இங்கிலாந்தின் உதைபந்தாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய எம்மில் பலர், அந்நாட்டின் தொழில்முறை விளையாட்டு எதுவாயினும் அதில் பணம் கொழிக்கும் என்றே எண்ணிக்கொள்கின்றோம். றக்பியைப் பொறுத்தவரை உண்மை நேர்மாறானது.

நூறாண்டு காலம் றக்பி யூனியன் ஆட்டத்தில் சம்பளம் பெறுவது குற்றமாகவே கருதப்பட்டது. வேலைக்குச் செல்லாமல் ஆட வந்த தொழிலாளிக்கு, இழந்த கூலியை ஈடுசெய்யலாமா என்ற தகராறில்தான் 1895 இல் வட இங்கிலாந்துக் கழகங்கள் பிரிந்து சென்று, பின்னாளில் றக்பி லீக் எனப்பட்ட தனி ஆட்டத்தை உருவாக்கின. சரியாக ஒரு நூற்றாண்டின் பின்னர், 1995 ஓகஸ்ட் மாதத்தில், சர்வதேச றக்பி சபை பாரிஸ் நகரில் கூடி அந்தத் தடையை நீக்கியது. உடனடியாகவே செல்வந்தர்கள் கழகங்களை வாங்க முன்வந்தனர். உதைபந்தாட்ட உலகில் அறியப்பட்ட சேர் ஜோன் ஹோல் நியூகாசில் கழகத்தை வாங்கிப் பெருந்தொகையைக் கொட்டினார். 1998 இல் அக்கழகம் சம்பியனாகியது. மறுபுறத்தில், பழம்பெருமை வாய்ந்த ரிச்மண்ட், லண்டன் ஸ்கொட்டிஷ் ஆகிய இரு கழகங்களின் தொழில்முறைப் பிரிவுகளும் 1999 இல் கடனில் மூழ்கி, லண்டன் ஐரிஷ் என்ற மூன்றாவது கழகத்துடன் இணைக்கப்பட்டன. அந்த மூன்றாவது கழகத்துக்கு 24 ஆண்டுகளின் பின்னர் நேர்ந்ததைப் பிறகு பார்ப்போம்.

வருமானக் கணக்கை எளிமையாகவே விளங்கிக்கொள்ளலாம். 10 கழகங்கள் கொண்ட லீக்கில் ஒவ்வொன்றும் மற்றைய ஒன்பதுடனும் இரு தடவைகள் மோதுகின்றது. அதாவது ஒரு கழகத்துக்கு 18 லீக் போட்டிகள். அவற்றில் சொந்த மைதானத்தில் நடப்பவை ஒன்பது மாத்திரமே. ஐரோப்பியக் கிண்ணப் போட்டிகளையும் உள்நாட்டுக் கிண்ணப் போட்டிகளையும் சேர்த்தாலும், வருடத்தின் பெரும்பாலான வார இறுதிகளில் மைதானத்தின் வாயில்கள் பூட்டியே கிடக்கின்றன. வீரர்கள், பயிற்றுநர்கள், மருத்துவர்கள், அலுவலர்கள் என்போருக்கோ பன்னிரண்டு மாதமும் சம்பளம் வழங்க வேண்டும். 12 கழகங்கள் இருந்த காலத்தில் சொந்த மைதானத்தில் 11 லீக் போட்டிகள் நடைபெற்றன. ஆகவே ஒரு கழகம் மறையும்போது போட்டியாளர் ஒருவர் ஒழிந்தார் என்று மற்றையவை மகிழ முடியாது. அவற்றின் நுழைவுச்சீட்டு வருமானமும் கூடவே குறைகின்றது.

இந்த இடைவெளியை நிரப்புபவர் உரிமையாளரே. ஆண்டுதோறும் ஏற்படும் நட்டத்தை அவர் தமது சொந்தப் பணத்தினால் ஈடுசெய்கின்றார். அது கழகத்தின் கணக்கில் அவருக்குச் செலுத்தவேண்டிய கடனாகப் பதியப்படுகின்றது. அவர் சலிப்புற்றாலோ, நோயுற்றாலோ, அவரது வேறு தொழில்கள் சரிந்தாலோ கழகத்தின் கதையும் முடிந்துவிடும். 2018 டிசெம்பரில் சீ.வீ.சீ. என்ற முதலீட்டு நிறுவனம் 200 மில்லியன் பவுணுக்கும் மேற்பட்ட தொகைக்கு லீக்கின் 27 சதவீதப் பங்கை வாங்கியபோது, கழகங்கள் கைக்கு வந்த பணத்தைக் கண்டு மகிழ்ந்தன. எதிர்கால வருமானத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் அதிகமானதை விற்றுவிட்டோம் என்பது பின்னரே உறைத்தது. அடுத்து வந்தது கொவிட் பெருந்தொற்று. மைதானங்கள் மூடப்பட, பிரித்தானிய அரசாங்கம் பிரீமியர்ஷிப் கழகங்களுக்கு ஏறத்தாழ 124 மில்லியன் பவுணை வழங்கிக் காப்பாற்றியது. அதுவும் நன்கொடையன்று, கடன்.

வோர்செஸ்டர் வொரியர்ஸ் கழகத்தின் முடிவு, இந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பதைக் காட்டியது. 1871 இல் நிறுவப்பட்ட அக்கழகம் 2022 மே மாதத்தில் பிரீமியர்ஷிப் றக்பி கிண்ணத்தை வென்றிருந்தது. அந்த இறுதிப் போட்டி மேலதிக நேரத்தின் பின்னரும் சமநிலையில் முடிய, விதிகளின்படி வெற்றி வோர்செஸ்டருக்கு அளிக்கப்பட்டது. தோற்ற அணி லண்டன் ஐரிஷ். கிண்ணத்துக்காக மோதிய அவ்விரு கழகங்களுமே பதின்மூன்று மாதங்களுக்குள் லீக்கிலிருந்து மறைந்தன. 2022 ஓகஸ்ட் மாதத்தில், செலுத்தப்படாத 6 மில்லியன் பவுணுக்கு மேற்பட்ட வரிக்காகப் பிரித்தானிய வரித் திணைக்களம் வோர்செஸ்டரைக் கலைக்கக் கோரும் மனு தாக்கலாகியிருந்தமை வெளிப்பட்டது. செப்டெம்பர் 24 ஆந் திகதி சிக்ஸ்வேஸ் மைதானத்தில் நியூகாசிலை 39-5 என்ற கணக்கில் அவ்வணி தோற்கடித்தது. இரண்டே நாட்களில் கழகம் நீதிமன்ற நிர்வாகிகளின் கைக்குச் சென்றது.

இங்கே வாசகர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கமொன்று உண்டு. வீரர்களதும் ஊழியர்கள் சிலரதும் ஒப்பந்தங்கள் பிரதான கம்பனியின் பெயரில் அன்றி, வேறொரு துணைக் கம்பனியின் பெயரிலேயே எழுதப்பட்டிருந்தன. ஒக்டோபர் 5 ஆந் திகதி நீதிமன்றம் அந்தத் துணைக் கம்பனியைக் கலைக்க உத்தரவிட்டது. விசாரணை சில நிமிடங்களே நீடித்தது. அந்தச் சில நிமிடங்களில் அணியிலிருந்த அத்தனை பேரினதும் தொழில் இல்லாமற் போனது. தான் எந்தக் கம்பனியின் ஊழியர் என்பதை நியமனக் கடிதத்தில் உற்றுப் பார்க்காதவர் எமது நாட்டிலும் ஏராளம்.

அதே மாதம் 17 ஆந் திகதி வொஸ்ப்ஸ் கழகம் வீழ்ந்தது. 1867 இல் லண்டனில் தோன்றி, ஆறு தடவை இங்கிலாந்தின் சம்பியனாகவும் 2004, 2007 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பாவின் சம்பியனாகவும் விளங்கிய கழகம் அது. அதற்குச் சொந்தமாகத் தகுந்த மைதானமொன்று இருக்கவில்லை. 2014 இல் லண்டன் வட்டாரத்தை விட்டு ஏறத்தாழ நூறு மைல் தொலைவிலுள்ள கொவன்ட்ரி நகருக்குக் குடிபெயர்ந்து, அங்குள்ள பெரிய அரங்கை வாங்கியது. அந்தச் செலவுகளுக்காக 2015 இல் 35 மில்லியன் பவுண் பெறுமதியான பிணைமுறிகளைப் பொதுமக்களுக்கு விற்றது. ஏழாண்டுகளுக்கு 6.5 சதவீத வட்டி. 2022 மே மாதத்தில் முதலைத் திருப்பிச் செலுத்த வேண்டும். பிணைமுறி என்றால் என்ன, அது முதிர்ச்சியடையும் நாளில் கையில் பணம் இல்லாவிடின் என்ன நேரும் என்பதை 2022 ஆம் ஆண்டைக் கடந்து வந்த இலங்கையருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பிணைமுறிகளை வாங்கியவர்களில் கழகத்தின் மீது கொண்ட பற்றினால் தமது சேமிப்பைக் கொடுத்த ரசிகர்களும் இருந்தனர். கழகம் நிர்வாகிகளிடம் சென்ற நாளிலேயே வீரர்களும் ஊழியர்களுமாக 167 பேர் வேலையிழந்தனர்.

லண்டன் ஐரிஷ் கழகத்தின் முடிவு வேறு வகையில் வியப்பூட்டுவது. 2022-23 பருவத்தில் அவ்வணி ஐந்தாம் இடத்தைப் பெற்றது. இளம் வீரர்கள் நிறைந்த, பார்ப்பதற்கு இனிய ஆட்டத்தை ஆடிய அணி என்று எதிரணி ரசிகர்களாலும் பாராட்டப்பட்டது. கடனோ 30 மில்லியன் பவுணை அண்மித்திருந்தது. அமெரிக்க முதலீட்டாளர் குழுவொன்று வாங்கப்போவதாக மாதக்கணக்கில் பேசப்பட்டது, பணம் வரவில்லை. இங்கிலாந்து றக்பி சங்கம் விதித்த காலக்கெடு கடந்தபின், 2023 ஜூன் 6 ஆந் திகதி கழகம் லீக்கிலிருந்து இடைநிறுத்தப்பட்டது. களத்தில் வெல்வதற்கும் வாழ்வதற்கும் இடையில் தொடர்பில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமாயின், இரண்டாந்தரப் பிரிவில் அதே பருவத்தின் சம்பியனான ஜேர்சி ரெட்ஸ் கழகத்தைப் பார்க்கலாம். அதுவும் 2023 செப்டெம்பரில், அடுத்த பருவம் தொடங்கும் தறுவாயில், மூடப்பட்டது.

புகழ்பெற்ற வீரர்கள் பிழைத்துக்கொண்டனர். வோர்செஸ்டரின் ஒலி லோரன்ஸும் டெட் ஹில்லும் பாத் கழகத்துக்குச் சென்றனர். வொஸ்ப்ஸின் ஜக் வில்லிஸ் பிரான்சின் துலூஸ் கழகத்தில் இணைந்து, அங்கே லீக் கிண்ணத்தையும் ஐரோப்பியக் கிண்ணத்தையும் வென்றார். ஆனால் வெளிநாட்டுக் கழகத்தில் ஆடுபவரை இங்கிலாந்து அணிக்குத் தெரிவு செய்வதில்லை என்ற விதியினால், 2023 உலகக் கிண்ணத்தின் பின்னர் தேசிய அணியின் கதவு அவருக்கு மூடப்பட்டது. கழகம் முறிந்தமையால் வெளிநாடு செல்ல நேர்ந்தவரை, வெளிநாடு சென்றமைக்காக ஒதுக்கும் இவ்விதி எமக்கு நியாயமாகத் தோன்றவில்லை. பெயர் வெளியே தெரியாத வீரர்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பருவத்தின் நடுவில் ஏனைய கழகங்கள் தமது சம்பள உச்சவரம்பை எட்டியிருந்ததால் ஆள் எடுக்க இடமிருக்கவில்லை. பசுபிக் தீவுகளிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் வந்து ஆடுவோருக்கு விசா கழகத்தின் அனுசரணையிலேயே வழங்கப்படுகின்றது; கழகம் இல்லையேல் நாட்டில் தங்கும் உரிமையும் கேள்விக்குள்ளாகும். மத்திய கிழக்குக்கு உழைக்கச் சென்றவர்களைக் கொண்ட எமது குடும்பங்கள் இந்த அச்சத்தை நன்கு அறியும்.

சம்பள உச்சவரம்பு என்பது கழகங்கள் தம்மைத்தாமே கட்டுப்படுத்திக்கொள்வதற்கென 1999 இல் கொண்டுவந்த ஏற்பாடாகும். கொவிட் காலத்தில் 5 மில்லியன் பவுணாகக் குறைக்கப்பட்ட அது, 2024-25 பருவத்தில் 6.4 மில்லியன் பவுணாக மீண்டும் உயர்த்தப்பட்டது. அதை மீறினால் என்ன நடக்கும் என்பதைச் சேரசன்ஸ் கற்றுக்கொண்டது. 2015 முதல் 2019 வரையான ஐந்து பருவங்களில் நான்கு தடவை சம்பியனாகிய அக்கழகத்துக்கு, 2019 நவம்பரில் 35 புள்ளிகள் கழிக்கப்பட்டதுடன் 5.36 மில்லியன் பவுண் அபராதமும் விதிக்கப்பட்டது. ஈற்றில் அது இரண்டாந்தரப் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. விதியை மீறிய கழகம் திரும்பி வந்து 2023 இல் மீண்டும் கிண்ணத்தை வென்றதையும், அதே பருவத்தில் வேறு மூன்று கழகங்கள் அழிந்ததையும் ஒருசேர நோக்கின், கடன்காரருக்குப் பணம் கொடுக்காத கழகத்தைத் தடுப்பதற்கு அன்று அத்தகைய கண்டிப்பான ஏற்பாடு இருக்கவில்லை என்பது புலனாகும்.

ஆங்கிலக் கால்வாய்க்கு அப்பால் நிலைமை வேறு. பிரான்சின் முதற்தரப் பிரிவில் 14 கழகங்கள் உள்ளன. அங்கே ஒவ்வொரு தொழில்முறைக் கழகமும் தனது வரவுசெலவுத் திட்டத்தை நிதிக் கட்டுப்பாட்டுக் குழுவொன்றின் முன் வைத்தாக வேண்டும். கணக்குச் சரியில்லாவிடின் களத்தில் எத்தனையாவது இடம் பெற்றிருந்தாலும் கீழ்ப்பிரிவுக்கு இறக்குவதற்கு அக்குழுவுக்கு அதிகாரமுண்டு. பல கழகங்களின் மைதானங்கள் நகரசபைக்குச் சொந்தமானவை என்பதால், காணி வாங்குவதற்கும் அரங்கு கட்டுவதற்கும் கடன்படவேண்டிய தேவை குறைவு. தொலைக்காட்சி நிறுவனமொன்று 2027 முதல் 2032 வரையான ஐந்து பருவங்களுக்கு ஏறத்தாழ 700 மில்லியன் யூரோவை வழங்க உடன்பட்டுள்ளது. அங்கேயும் நட்டப்படும் கழகங்கள் உண்டு. ஆயினும் பருவத்தின் நடுவில் ஓர் அணி காணாமற் போகும் அவலம் முதற்தரப் பிரிவில் வழமையன்று. 2022 இன் அதிர்ச்சிக்குப் பின்னரே இங்கிலாந்தும் கழகங்களின் கணக்குகளைப் பார்வையிட நிதிக் கண்காணிப்புக் குழுவொன்றை அமைத்தது.

2024 செப்டெம்பரில் இங்கிலாந்து றக்பி சங்கமும் கழகங்களும் எட்டு வருட உடன்படிக்கையொன்றைச் செய்துகொண்டன. அதன்படி சங்கம் ஆண்டொன்றுக்குச் சுமார் 33 மில்லியன் பவுணைக் கழகங்களுக்கு வழங்குகின்றது. பதிலாக, தேசிய அணியின் முன்னணி வீரர்கள் 25 பேர் வரையில் விசேட ஒப்பந்தங்களின் மூலம் தேசியப் பயிற்றுநரின் நேரடிப் பார்வைக்குள் வருகின்றனர். 82,000 பேர் அமரக்கூடிய ட்விக்கன்ஹாம் அரங்கை நிரப்புகின்ற தேசிய அணி, கழகங்களுக்குச் சோறு போடுகின்றது என்றே கூறவேண்டும். அந்தச் சங்கமும் 2023-24 நிதியாண்டில் 37.9 மில்லியன் பவுண் தொழிற்பாட்டு நட்டத்தைக் காட்டியது என்பதையும் மறந்துவிடலாகாது.

அடுத்த சர்ச்சை தரமிறக்கம் பற்றியது. உரிமையாளர்கள் அதை விரும்புவதில்லை. ஒரே பருவத் தோல்வியால் தொலைக்காட்சி வருமானம் முழுவதையும் இழக்கக்கூடிய கழகத்தில் எவர் முதலிடுவார் என்பது அவர்களின் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. 2021-22 பருவத்தில் பாத் கழகம் 13 அணிகளில் கடைசியாக வந்தது. தரமிறக்கம் அப்போது நிறுத்திவைக்கப்பட்டிருந்ததால் தப்பிய அக்கழகம், புதிய பயிற்றுநரையும் ஸ்கொட்லாந்தின் பின் ரசலையும் கொண்டுவந்து, 2025 ஜூன் 14 ஆந் திகதி லெஸ்டரை 23-21 என வென்று 1996 இன் பின்னர் முதற்தடவையாகச் சம்பியனாகியது. ஆனால் மறுபக்கமும் உண்டு. லண்டனின் மேற்குப் பகுதியைச் சேர்ந்த ஈலிங் கழகம் 2022, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் இரண்டாந்தரப் பிரிவில் முதலிடம் பெற்றும் மேலே வரமுடியவில்லை. 2022 இல் அதற்குக் கூறப்பட்ட காரணம், 10,001 பேருக்கு இடமளிக்கும் மைதானம் இல்லை என்பதாகும். வென்றவன் உயரமாட்டான், தோற்றவன் இறங்கமாட்டான் எனின், பருவத்தின் கடைசி வாரங்களில் கீழ்நிலை அணிகளின் ஆட்டத்தை எவர் பணம் கொடுத்துப் பார்க்கப்போகின்றார்? முதலீட்டாளரின் அச்சத்தைத் தணிப்பதற்காக விளையாட்டின் உயிரையே விலையாகக் கொடுப்பதை எம்மால் ஏற்க முடியவில்லை. மைதானத்தின் ஆசன எண்ணிக்கையைவிட, கழகத்தின் கணக்குப் புத்தகத்தைத் தகுதியாகக் கொள்வதே பொருத்தமானது.

2024-25 பருவத்தில் கடைசி இடத்தைப் பெற்ற நியூகாசிலை, 2025 ஓகஸ்ட் மாதத்தில் ரெட் புல் நிறுவனம் வாங்கிப் பெயரையும் நியூகாசில் ரெட் புல்ஸ் என மாற்றியது. ஜேர்மனியின் லைப்சிக், ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் உதைபந்தாட்டக் கழகங்களுடன் தொடர்புடைய அந்தப் பானக் கம்பனி றக்பிக்குள் நுழைந்தமை பலருக்கு நம்பிக்கையளித்தது. மூடப்பட்டிருக்கக்கூடிய கழகமொன்று தப்பியது என்பது உண்மை. அதேவேளை, வடகிழக்கு இங்கிலாந்தின் ஒரேயொரு முதற்தர றக்பி கழகத்தின் பெயர் இப்போது ஒரு பானத்தின் பெயராகும். அதே ஆண்டில், ஆர்360 எனப் பெயரிடப்பட்ட தனி லீக்கொன்றைத் தொடங்கி முன்னணி வீரர்களைப் பெருஞ்சம்பளத்துக்கு இழுக்கும் முயற்சியும் நடைபெற்றது. அதில் சேர்வோரைத் தேசிய அணியில் சேர்க்கமாட்டோம் என முன்னணி நாடுகளின் சங்கங்கள் எட்டு எச்சரித்தன. அந்த லீக்கின் தொடக்கம் 2028 க்குப் பிற்போடப்பட்டது.

ஆகவே புதிய பருவமொன்றை எதிர்நோக்கும் ரசிகர், போட்டி அட்டவணையோடு வேறு சிலவற்றையும் பார்ப்பது நல்லது. பிரித்தானியாவில் கம்பனிகளின் வருடாந்தக் கணக்குகளை எவரும் இணையத்தில் கட்டணமின்றி வாசிக்கலாம். அதில் உரிமையாளர் கழகத்துக்குக் கொடுத்த கடன் எவ்வளவு, அவர் இன்னும் எத்தனை மாதங்களுக்கு ஆதரவளிப்பதாக எழுத்தில் உறுதியளித்துள்ளார், கணக்குகள் உரிய திகதியில் சமர்ப்பிக்கப்பட்டனவா என்பன தெரியவரும். மைதானம் கழகத்துக்குச் சொந்தமானதா, வாடகைக்கா, வேறொரு கம்பனியின் பெயரிலா என்பதும் முக்கியம். வோர்செஸ்டரின் வீழ்ச்சிக்கு முன்னர் இவற்றை வாசித்தவர்கள் மிகச் சிலரே.

அந்த வோர்செஸ்டர் மூன்று பருவங்கள் களத்துக்கு வெளியே இருந்துவிட்டு, புதிய உரிமையாளரின் கீழ் 2025-26 பருவத்தில் இரண்டாந்தரப் பிரிவில் மீண்டும் ஆடத் தொடங்கியது. மைதானம் அதே சிக்ஸ்வேஸ். அணியை மாத்திரம் ஏறக்குறைய முழுவதுமாகப் புதிதாகத் திரட்ட வேண்டியிருந்தது. பழைய வீரர்களுள் பலர் அதற்குள் வேறு கழகங்களில் நிலைகொண்டுவிட்டனர். சிலர் ஆட்டத்தையே விட்டுவிட்டனர்.